கடமான் பதிக்காத குளம்பு

ஒரு காட்டில் ஆட்சியெல்லாம் கீரியின் கையில் இருந்தது. கொம்பு கம்பீரமாக இருக்கிறதென்று கடமானைத் தலைமைப் பாறையில் நிறுத்தியிருந்தார்கள். கீரி கொண்டுவரும் சட்டங்களுக்கு ஈரக் களிமண்ணில் குளம்பு பதிப்பது மட்டுமே அதன் வேலை. பாறையைவிட்டு இறங்கியவர்கள் சாகும்வரை ஓடையோரப் புல்வெளியில் மேயலாம்.

ஒரு நாள் கீரி புதுச் சட்டத்தோடு வந்தது.

"காலம் முழுசும் இருந்தவங்களுக்குத்தான் இனிமே அந்தப் புல்லு. பாதியில விட்டுட்டுப் போனவங்களுக்குக் கிடையாது."

"அப்படிப் போனது வரையாடு ஒண்ணுதானே?" என்று கேட்டது கடமான்.

முயல்களைக் கரையிலிருந்து விரட்டும் சட்டத்துக்குக் குளம்பு பதிக்க மாட்டேன் என்று பாறையைவிட்டு இறங்கியது அந்த வரையாடு. இப்போது அதற்குப் பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது. ஓடையோரத்து இளம்புல்லைத்தான் மெல்ல முடியும்.

"உங்களுக்கு ஒரு குறையும் வராது. அடுத்த மழையோட உங்க காலம் முடியுது," என்றது கீரி.

"இதுல பதிச்சிட்டா, அப்புறம் இங்க நிக்கிற யாராவது மாட்டேன்னு சொல்லுவாங்களா?"

"சொல்லாம இருந்தா காட்டுக்கு நல்லதுதானே."

கடமான் குளம்பைத் தூக்கியது. களிமண்ணில் வைக்காமல் பாறையிலேயே திரும்ப வைத்தது.

"பதிக்க மாட்டேன். வரையாடு மாதிரி இறங்கவும் மாட்டேன்; இறங்கினா வேற யாரையாவது நிறுத்திப் பதிய வச்சிடுவீங்க. மழை வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்."

கீரி காத்திருந்தது. வெயில் ஏறி, களிமண் காய்ந்து வெடித்தது. கீரி தண்ணீர் தெளித்து மறுபடியும் பிசைந்து வைத்தது. கடமான் நான்கு கால்களையும் அழுத்தி ஊன்றிக்கொண்டது. கீழே ஓடையோரத்தில் வரையாடு மேய்ந்துகொண்டிருந்தது.