வெளித் தாழ்ப்பாள்

தலைமையாசிரியையின் அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை, ஏழாம் வகுப்புப் பெண்கள் மூவர், மீன் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்த சகாயமேரி, அவள் மகள் ஜெனிபா. முந்தின நாள் அந்த மூவரும் ஜெனிபாவைக் கழிப்பறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். கூட்டுகிற பெண் வந்து திறக்க மூன்று மணி நேரம் ஆயிற்று.

"சும்மா விளையாட்டுக்குத்தான் மிஸ். மீன் நாத்தம் போவட்டும்னு…" என்றாள் ரித்திகா. பக்கத்திலிருந்தவள் அவளை இடித்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தலைமையாசிரியை மேசைமேல் துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்றை வைத்தார். "கழட்டிட்டோம்மா. இனிமே யாரும் பூட்ட முடியாது."

"அது தானாவா போட்டுக்கிச்சு டீச்சர்?" என்றாள் சகாயமேரி.

தலைமையாசிரியை மூவரையும் முன்னே வரச் சொன்னார். மூவரும் ஜெனிபாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கை கொடுத்தார்கள். கொடுத்த கையை ரித்திகா பாவாடையில் துடைத்துக்கொண்டதைச் சகாயமேரி பார்த்தாள். பார்த்தும், எழுந்து போய் வாசலில் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டாள். ஊரில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

அன்று சாயங்காலம் ஜெனிபா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குளித்தாள்.

மறுநாள் பள்ளி வாசலில் அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னிக்கு மட்டும் வேணாம்மா."

"அதான் தாழ்ப்பாள கழட்டிட்டாங்கல்ல. போ."

விரல்களைப் பிரித்து, முதுகில் கைவைத்து, சகாயமேரியே அவளை உள்ளே தள்ளினாள். மணி அடித்தது. காவலாளி இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, ஜெனிபாவுக்குப் பின்னால் பூட்டினார்.