குவைத் வசனம்

குவைத்திலிருந்து வரவேண்டிய வேத வசனம் அன்றைக்கும் வரவில்லை. லீனா வாட்ஸ்அப்பை மறுபடி மறுபடி திறந்து பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் சித்தூர் பஜாரில் இருந்த ஜாபேஸின் செல்போன் கடைக்குக் கிளம்பினாள்.

அவள் கணவன் கிளமென்ட் டிரைவர் வேலைக்கென்று போய் இரண்டு வருஷம். "முதலாளி வூட்டுல போன் அடிச்சா வேலையே போயிடும், நீ கூப்பிடாதே, நானே கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். அவன் கூப்பிடுவது அத்தி பூத்தாற்போலத்தான். ஆனால் விடிந்ததும் பூப்படம் போட்டு ஒரு வசனம் அனுப்ப மட்டும் தவறவே மாட்டான்.

அந்த வசனத்தை வைத்துக்கொண்டு லீனா சபையில் அலட்டிய அலட்டல் கொஞ்சமா? "உள்ளூர்ல இருக்கற உங்க புருஷனுங்க ஒரு நாளாச்சும் அனுப்பறாங்களா?" என்று கேட்டு, பெண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவள். அவளைப் பெற்ற நைனாவை அடக்கம் செய்த அன்று கிளமென்ட்டுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று காலையும் மகிழ்ந்து களிகூரச் சொல்லி ஒரு வசனம் வந்தது. துக்கத்திலும் விசுவாசத்தை விடாத மனுஷன் என்று அதற்கும் உருகிப்போனாள், பாவம்.

இப்போது ஒரு வாரமாக ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறானோ, ஜெயிலில் கிடக்கிறானோ என்றெல்லாம் நினைத்துக்கொண்டாள். கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

ஜாபேஸ், கிளமென்ட்டோடு சபைக் கொயரில் பாடியவன். அவள் போனைப் புரட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "பழைய போன் அண்ணி. செட்டு கல்லாட்டம் இருக்குது, ஆனா அப்டேட் குடுக்காம கம்பெனிக்காரன் கை கழுவிட்டான். அதான் வாட்ஸ்அப்பு நின்னுபோச்சு."

"எங்க நின்னுச்சு? சபை குரூப்பு, எங்க அக்கா பிளெஸ்ஸி மெசேஜு, எல்லாம் வந்துக்கினுதானே இருக்குது!"

ஜாபேஸ் போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான்.

லீனாவுக்கே சட்டென்று பொறிதட்டியது. "அடப்பாவமே! அப்ப நின்னுபோனது அவரு போனு! கண்ணாடி ஒடைஞ்சும் அதையே வெச்சுக்கினு இருக்கறாரு. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி எனக்கு அனுப்பற மனுஷன். நான் பாரு, என்னென்னமோ நினைச்சு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருந்தேன்!"

நிம்மதியில் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நல்ல போனா ஒண்ணு எடுத்து வை. குவைத் போறவங்க யார் கையிலயாச்சும் குடுத்தனுப்பலாம். இரு, அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிடறேன்."

"வேணாம் அண்ணி! மணி அடிச்சா வேலை போயிடும்!"

"போனாப் போவுது. ஆளு நல்லா இருக்கறாருன்னு தெரிஞ்சா போதும்டா எனக்கு."

நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்தது, அவள் காதில் மட்டுமில்லை, கடைக்குள்ளும். ஜாபேஸுக்குப் பின்னால் இருந்த அலமாரியில், சார்ஜர் சொருகியபடி, கண்ணாடி உடைந்த ஒரு போன் அலறியது. அதன் முகப்பில் 'லீனா' என்று இருந்தது.

"இது... இது எப்பிடிடா இங்க?"

ஜாபேஸ் அதை அவசரமாக அணைத்தான். "தினம் ஒரு வசனம் தானா போற மாதிரி அண்ணன்தான் இதுல செட் பண்ணி வெச்சிட்டுப் போனாரு. பழைய போனு, போன வாரத்தோட வாட்ஸ்அப்பு நின்னுபோச்சு. நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன், அப்டேட்டே ஏறல. என்னை மன்னிச்சுடுங்க அண்ணி."

"அது கெடக்கட்டும். போனு இல்லாம குவைத்துல அவரு என்னடா பண்றாரு?"

ஜாபேஸ் அந்தப் போனை அவள் முன்னால் வைத்தான்.

"அண்ணன் குவைத்துக்கே போகல அண்ணி. திருப்பதியில குடும்பத்தோட இருக்கறாரு."