தானாகப் பாய்ந்த வண்டி

எப்சிபா முதலில் காது கொடுத்தாள்.

கியர் போடவில்லை. ஆக்சிலரேட்டரில் யாருடைய காலும் இல்லை. ஆனாலும் என்ஜின் மேட்டில் திணறும் லாரிபோல் அலறிக்கொண்டிருந்தது. தகரக் கூரை அதிர்ந்தது.

"கேட்டியா எப்சி? அன்னைக்கும் இதே ரேஸுதான். கிளட்ச்ச விட்டேன், பாய்ஞ்சிட்டு. இதுல என் தப்பு என்ன இருக்கு?"

தெய்வநாயகம் அண்ணாச்சி அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார். வேட்டி நுனியைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். இருபத்தாறு வருஷக் கார். வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

வாசலில், வெயிலில், இசக்கிராஜா நின்றான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், வங்கி வாசலில், அந்தக் கார் ஏறியது அவனுடைய அக்கா மேல். இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இனி நடப்பாளா என்று டாக்டர் சொல்லவில்லை.

கோளாறு வண்டியிலா, ஓட்டியவரிடமா. நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் பேச்சு. மெக்கானிக் எப்சிபா எழுதிக் கொடுப்பதை வைத்துப் பேசலாம் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தன. கோவில்பட்டியில் இத்தனை பழைய காரைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

"பாக்குற மாதிரி பாத்துட்டு எழுதிக் குடுங்க," என்றான் இசக்கிராஜா. "என்ன எழுதப் போறீங்கன்னு தெரிஞ்சதுதான."

அவள் திரும்பாமல் வண்டிமேல் குனிந்தாள்.

சோக்கை இழுத்து வைத்திருக்கிறதா என்று பார்த்தாள். முழுக்க உள்ளேதான் இருந்தது.

ஆக்சிலரேட்டர் கேபிளை இரண்டு விரலால் ஆட்டினாள். தளர்வாகத்தான் இருந்தது. எங்கும் சிக்கவில்லை.

ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்தாள். எதிலாவது காற்று ஒழுகினால், அதை நெரித்ததும் அலறல் தணியும். தணியவில்லை. சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து கேஸ்கட் ஓரமாக விட்டாள். சத்தத்தில் மாற்றமில்லை.

"பழைய வண்டிம்மா. எங்கயோ ஒரு எடத்துல போயிருக்கும். எழுதேன்," என்றார் அண்ணாச்சி.

அவள் டார்ச்சை எடுத்தாள். கண்ணாடித் துண்டு ஒன்றை ஏர் ஃபில்டருக்கு அடியில் நீட்டிச் சாய்த்தாள்.

எண்ணெயும் புழுதியும் சேர்ந்து எல்லாமே கறுப்பு.

கால் வைக்காதபோது என்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐட்லிங் ஸ்க்ரூவின் தலையில் மட்டும் ஒரு கோடு. வெள்ளிக் கோடு.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு காரின் முன்பக்கம் போய்க் குனிந்தாள். பம்பர் நசுங்கிய இடத்தில் பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. விரலால் தேய்த்தாள். விரலில் துரு ஒட்டியது. மூன்று வாரம் ஸ்டேஷன் வளாகத்தில் மழையில் நின்ற கார். நேற்றுத்தான் வெளியே விட்டார்கள்.

வந்து ஸ்க்ரூவைத் திருகினாள். இடது பக்கமாக, மூன்று சுற்று.

அலறல் இறங்கியது. இறங்கி இறங்கி, சோறு கொதிக்கிற சத்தத்துக்கு வந்து நின்றது.

இசக்கிராஜா ஓரடி உள்ளே வந்தான்.

"இப்ப என்ன பண்ணுனீங்க?"

"ஒரு ஸ்க்ரூவ மூணு சுத்து சுத்துனேன்."

"அப்ப அதான் கோளாறா?"

"அது தலையில ஒரு கீறல் இருக்கு. மூணு வாரத்துக் கீறல்னா துரு ஏறியிருக்கும் தம்பி. இது பளபளன்னு இருக்கு. வண்டி வெளிய வந்தப்புறம் யாரோ திருகுனது."

இப்போது கத்தத் தேவையில்லை. ஆனாலும் அண்ணாச்சி கத்தினார்.

"யாரு எடத்துல ஷெட்டு போட்டுருக்கன்னு மறந்துட்டியோ? பழையபடி வச்சிட்டு எழுதுட்டி. வண்டி ரேஸ் ஆகுதுன்னு மட்டும் எழுது. அது பொய்யா?"

எப்சிபா ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்தாள். கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"பழையபடி நீங்களே வச்சிருங்க அண்ணாச்சி."

பிடுங்கினார்.

அந்த ஸ்க்ரூ மேலிருந்து பார்த்தால் தெரியாது. பதினெட்டு வருஷமாகக் கார் பார்க்கிற அவளுக்கே டார்ச்சும் கண்ணாடியும் வேண்டும். அண்ணாச்சி டார்ச்சைக் கேட்கவில்லை. தலையைக்கூடக் குனியவில்லை. இடது கையை ஃபில்டர் மூடிமேல் ஊன்றினார். வலது கை அடியில் போனது. தேடாமல் நேராக ஸ்க்ரூவில் போய் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

என்ஜின் மறுபடி அலறியது.

"இப்ப எழுது," என்று நிமிர்ந்தார்.

இசக்கிராஜா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சியும் குனிந்து தன் கையைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார்.

எப்சிபா சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து கார்பன் தாள் வைத்து எழுதினாள். ஆறு வரி. கண்ணால் கண்டதை மட்டும் எழுதினாள். இரண்டு முறை பேனாவை எடுத்து மறுபடி வைத்தாள்.

ஒரு தாளை அண்ணாச்சியிடம் கொடுத்தாள். படிக்காமலே கசக்கினார்.

இன்னொன்றை இசக்கிராஜா வாங்கினான். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். நன்றி சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அண்ணாச்சி பானெட்டை ஓங்கி அறைந்து மூடினார். காரில் ஏறினார். அது அலறிக்கொண்டே ரோட்டில் இறங்கிப் போனது.

மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

எப்சிபா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு சாக்கை விரித்து, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பேனர்களைக் கழற்றி அதில் போட ஆரம்பித்தாள்.

பெரிய சைஸிலிருந்து.