தட்டு மட்டும் வந்து போகும்

கம்ப்யூட்டருக்குப் புது போர்டும் புது மெமரியும் போடச் சம்மதித்த குணசீலன், பழைய டிவிடி டிரைவ் அப்படியே இருக்க வேண்டும் என்று மெக்கானிக் சேவியரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவருக்கு ‘உரைக்கடல்’ பட்டம் கொடுத்த விழா ஒரே ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது. வீட்டுக்கு வருகிற எவரும், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் உட்பட, அதைப் பார்த்த பிறகே காபி குடிக்க முடியும். புதுப்பித்து வந்த பெட்டியில் டிரைவின் பச்சை விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வந்தது, உள்ளே போனது. படம் மட்டும் வரவில்லை. மூன்று வாரமாக மூக்குக்கண்ணாடித் துணியால் டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பதினாறு வருசம் ஆச்சுல்லா, தேஞ்சிருக்கும். மனசத் தளர விடாதீங்க” என்று மனைவி வத்சலாவும் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

இன்று சேவியர் வந்து பெட்டியைத் திறந்தான். டிரைவுக்கு மின்சார வயர் மட்டும் போயிருந்தது. படத்தைக் கொண்டுவரும் வயர் ரப்பர் பேண்டு போட்டு அழகாகச் சுருட்டப்பட்டிருந்தது.

“மாட்ட மறந்துட்டியாடே?”

“மறப்பனா அண்ணாச்சி? லைட்டு எரியட்டும், தட்டு வந்து போகட்டும், படம் மட்டும் வேண்டாம்னு அக்காதான் சொன்னாவ. நான் ஏன்னு கேக்கல. நானும் அத ஆறு தடவ பாத்தவம்லா.”

குணசீலன் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார். அதில் முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் நிறுத்திய பிறகும் கைதட்டிக்கொண்டிருப்பவள் வத்சலாதான்.

“இப்ப மாட்டிரட்டுமா?” என்றான் சேவியர்.

அடுக்களையில் மிக்சி ஓடத் தொடங்கியது. வெறும் ஜார் ஓடுகிற சத்தம்.