நான்காவது வக்கீல்

“என் பையனுக்காக நீங்க கோர்ட்டில நிக்கணும்மா” என்றார் பெரியவர். கெஞ்சலாக இல்லை, வேலை ஒன்றை ஒப்படைப்பது போலச் சொன்னார்.

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, தானே தேய்த்தது போலிருந்தது. வலது கையில் மட்டும் மடிப்பு இரண்டாக ஓடியது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். அங்கே அவருக்கு ‘நேர்கோடு’ என்று பட்டப்பெயர்.

“நான் எத்தனையாவது வக்கீல் ஐயா?”

“நாலாவது. மூணு பேரு, என்ன வழக்குன்னு சொன்னதுமே வாசலைக் காட்டிட்டாங்க. அதுல ஒருத்தர் எழுந்து வந்து கதவையே திறந்துவிட்டார். மரியாதை தெரிஞ்சவர்.”

வழக்கு அப்படிப்பட்டதுதான். அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த தையல்காரப் பெண்ணை மகன் பலாத்காரம் செய்தான் என்று குற்றச்சாட்டு. ஆறு வாரமாக அவன் சிறையில் இருக்கிறான். திங்கட்கிழமை விசாரணை.

அந்த ஆறு வாரத்தில் பெரியவரின் உலகம் ஒரு நாற்காலி அளவுக்குச் சுருங்கிவிட்டது. தம்பி போனை எடுப்பதில்லை. முடிவெட்டும் கடையில் கத்தரி மட்டும்தான் பேசுகிறது. மனைவி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். சாவியை அவர் கையில் கொடுக்காமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். நேற்று முழுவதும் அவர் பேசியது ஒரே ஒரு வார்த்தை. தவறான எண்ணை அழைத்துவிட்ட யாரோ ஒருவரிடம், “இல்லைங்க” என்றார். அதைக்கூடக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னார்.

“சரி, நான் எடுத்துக்கறேன்” என்றார் வக்கீலம்மா. “உங்க பையன் என்ன சொல்றான்? செய்யலைங்கறானா?”

“அதை அவன்கிட்டயே கேட்டுக்குங்க.”

“கேக்கறேன். வாயைத் திறந்தே ஆகணும்னு அவனை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தீர்ப்பு வர்ற வரைக்கும் அவன் குத்தவாளி இல்லை. அதே மாதிரி, அந்தப் பொண்ணோட பேரு யார் வாயிலயும் வரக்கூடாது. விசாரணை கதவைச் சாத்திட்டுத்தான் நடக்கும்.”

“இதுவரைக்கும் என் வாயில வரலை. இனிமேலும் வராது.”

வக்கீலம்மா ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். “இது வக்காலத்து. ஜெயிலுக்குப் போய் அவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இதைத் தாக்கல் பண்ணினாத்தான் வழக்குக் காகிதமெல்லாம் என் கைக்கு வரும். இப்ப எனக்குத் தெரிஞ்சது, எங்க குமாஸ்தா காதுல விழுந்ததுதான்.”

“நான் போய் அவனைப் பார்க்கக் கூடாதும்மா. உங்க குமாஸ்தாவை அனுப்புங்க.”

வறட்டுப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டார் வக்கீலம்மா. “பெத்த பிள்ளை ஐயா. கௌரவம் பார்க்கிற நேரமா இது?”

“கௌரவம் பார்க்கிறதாலதான் உங்க முன்னால வந்து நிக்கறேன். எங்க குடும்பத்து ஆளு ஒருத்தன், தனக்காகப் பேச யாருமில்லாம கூண்டில நின்னான்னு இருக்கக்கூடாது. தண்டனை வந்தா வரட்டும். அவன் பக்கத்தை முழுசாக் கேட்ட பிறகு வரட்டும்.”

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார். “குமாஸ்தா சொல்றதைப் பார்த்தா, சம்பவத்தை நேர்ல பார்த்த சாட்சி ஒரே ஒருத்தர்தான். அந்தப் பொண்ணைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனதும் அவர்தானாம். வழக்கே அவர் ஒருத்தர் பேச்சிலதான் நிக்குது. அவரை நான் சும்மா விடமாட்டேன். கண்ணு சரியாத் தெரியுமா, எவ்வளவு தூரத்துல நின்னீங்க, பழைய பகை உண்டான்னு துருவித் துருவிக் கேப்பேன்.”

“கேளுங்க. அப்படிக் கேட்கிறது அவனோட உரிமை.”

“அந்த மனுஷன் கூண்டை விட்டு இறங்கறப்ப தலை நிமிர முடியாது. சொல்லிட்டேன்.”

“பரவாயில்லை. எதையும் விட்டுடாதீங்க.”

“அவரை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மிரட்டச் சொல்லலை ஐயா, அது பெரிய தப்பு. நான் கேக்கறது வேற. ஒருவேளை தப்பாப் பார்த்துட்டோமோன்னு அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தா…”

“சந்தேகம் இல்லை. பையனோட அம்மா அந்த ஆளு கால்ல விழுந்து அழுதா. என் பிள்ளையைக் காப்பாத்துங்க, ஒரே ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லுங்கன்னு கெஞ்சினா. முடியாதுன்னுட்டான்.”

வக்கீலம்மா பேனாவை மேசைமேல் போட்டார். “பெத்தவ கால்ல விழுந்துமா? இப்படி ஒரு கல்நெஞ்சா? யாருய்யா அந்த ஆளு?”

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது.

“நான்தாம்மா.”