இரண்டாவது செல்லோ

பிராக் நகரத்துப் பிரபுவான ஒத்தகருக்கு, செல்லோ என்கிற பெரிய வயலினின் கம்பியில் விரல் வைக்க வராது. அதனால், அவர் காசில் வாழ்ந்த இசையமைப்பாளன் யாரோமிர், ஐவர் வாசிக்கும் தன் உருப்படியில், வில்லை மட்டும் இழுத்தால் போதும் என்கிற இரண்டாவது செல்லோ பகுதியொன்றை அவருக்காக எழுதினான்.

"இந்த இசைக்கு ஊற்று நான்தான்யா, அந்தப் பய வெறும் குழாய்" என்று பிராக் முழுக்கச் சொல்லித் திரிந்தார் பிரபு.

அவரைப் புதைத்த மறுவாரமே யாரோமிர் அந்தப் பகுதியை நீக்கினான். இசை ஏட்டின் அட்டையில் தன் பெயரை மட்டும் போட்டான்.

நால்வர் வாசித்தார்கள்; இரண்டாவது செல்லோவின் நாற்காலி மேடையில் காலியாகக் கிடந்தது. நால்வரும் வணங்கி உள்ளே போன பிறகும் கைதட்டல் ஓயவில்லை. நமக்குத்தான் என்று கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையேறிக் குனிந்தான் யாரோமிர். கைதட்டல் நின்றது.

"தள்ளி நில்லுப்பா" என்றாள் முன்வரிசையிலிருந்த பிரபுவின் மனைவி. "எங்க வீட்டுக்காரரை மறைக்கிறே."

தள்ளி நின்றான். கைதட்டல் மறுபடி எழுந்தது.