இன்னொரு வண்டியின் புகை

காலை ஏழேகாலுக்கு, பெட்ரோல் பங்க் ஓரம் நின்ற புகைப் பரிசோதனை வேனுக்கு முன்னால் செல்வின் தன் பதினெட்டு வருடத்து ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தினான். வேகத்துக்காக இன்ஜினிலும் சைலன்சரிலும் அவனே கைவைத்த கார். அதன் புகையில் மகளுக்கு இளைப்பு வந்த அன்று மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "டெஸ்டுல பாஸாச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா வித்துருங்க." ஆறு மாதமாக, தான் மாற்றிய பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழையபடி மாட்டியிருந்தான்.

வேன்காரர் இசக்கி நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார். பிறகு மெஷினின் குழாயை இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்ற தன் புதுக் காரின் சைலன்சரில் செருகினார்.

"அண்ணாச்சி, என் வண்டி இங்கல்லா நிக்கு."

"இந்த மாதிரி வண்டியெல்லாம் தேறாது தம்பி. நம்மளுது நல்ல பிள்ளை. பேசாம இரு."

சான்றிதழ் வந்தது. செல்வின் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினான். வீட்டில் காட்ட அது போதும். மகள் உட்காரும் பக்கத்துக் கண்ணாடி, புகை உள்ளே வராமலிருக்க, முழுக்க ஏற்றியிருந்தது. இன்ஜினை ஓடவிட்டு மறுபடி இறங்கினான்.

"அண்ணாச்சி, அந்தக் குழாயை ஒரு தடவை இதுல சொருகிப் பாருங்க."